வியாழக்கிழமை தொட்ட மோடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டான். ஆனால் பயப்படாதீர்கள், எந்த சேனலில் எத்தனை டெசிபல், எந்த மென்பொருளுக்கு எந்தப் பதிப்பு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையேடுகளில் இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லும். நான் ஒரே ஒரு மோடத்தைப் பற்றி எழுதுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோடம் அது. அதை நல்லெண்ணத்தோடு கெடுத்தவன் நான்.

இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முந்தைய ஆண்டுகள். எங்கள் கேபிள் இணைய கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை திருவொற்றியூரில் இருந்தது. அப்போதுதான் அகலப்பட்டை மோடங்கள் வந்திருந்தன. பழைய மோடம் கேபிளில் ஒரே ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டு ஓடும். புதியது நாலு சேனலை ஒன்றாகச் சேர்த்து ஓடும். ஆனால் அதற்கு மோடத்துக்குள்ளும் புது மென்பொருள் இருக்க வேண்டும். எந்த மோடத்துக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று சோதித்துப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. அலுவலகத்தில் என்னை ஜோசியர் என்று கூப்பிடுவார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் டீ கொடுப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

மற்ற ஊர்களில் இந்த மென்பொருளை ராத்திரியில் அனுப்புவார்கள். ஜனங்கள் தூங்கும்போது மோடம் தானாக வாங்கிக்கொண்டு, ஒரு முறை அணைந்து எழுந்துகொள்ளும். எங்கள் பக்கம் அது நடக்காது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் படுக்கப்போகும்போது டிவி, மோடம் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். அதனால் நாங்கள் பட்டப்பகலில், வீட்டு ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, மத்தியானத்துக்கு முன்னால் அனுப்புவோம். ஐந்து நிமிடம் இணைப்பு போகும், வந்துவிடும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ராயபுரத்தில் எங்களுக்கு உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் காதர் பாய். அவருடைய லைனில் ஒரு வீட்டில் இணையத்தில் முகம் பார்த்துப் பேசும்போது படம் நின்று நின்று வருகிறது என்று புகார். நானே போனேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும், அவருடைய மருமகள் ஸ்டெல்லாவும் இருந்த சின்ன வீடு. மகன் ஜோசப் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பெரியவருக்குத் தொண்டையில் புற்றுநோய். அறுவை செய்ததில் குரல் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். கப்பலில் இருக்கும் மகனோடு எப்படிப் பேசுவார் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள்.

பெரியவர் துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கு ஏறும்போது மேலே கிரேன்காரனுக்குச் சத்தம் கேட்காது. கீழே நிற்பவர் கையால்தான் சொல்ல வேண்டும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஏற்று. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும், யாரும் எதையும் தொடாதே. மகனுக்கும் கப்பல் வேலையில் இந்தச் சைகைகள் பழக்கம். ஜோசப் ஏதாவது துறைமுகத்தில் இறங்கும்போது, மாலுமிகள் விடுதியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவான். இங்கே கேமரா முன்னால் அப்பா கையால் பதில் சொல்வார்.

"ஏத்துனா ஒடம்பு தேவலன்னு அர்த்தம் சார்," என்றாள் ஸ்டெல்லா. "எறக்குனா முடியலன்னு. கடசில கைய கோத்துக் காமிச்சாத்தான் எங்க வூட்டுக்காரரு லைன கட் பண்ணுவாரு. அதுவரிக்கும் போக மாட்டாரு."

நான் இருந்தபோதே ஒரு அழைப்பு வந்தது. பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜோசப் பேசினான், அவர் கையைத் தூக்கினார், விரல் சுழல ஆரம்பித்தது, அங்கே படம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் மகனின் குரல் மட்டும் வந்தது.

"நைனா, மேலயா கீழயா? தெர்ல நைனா. இன்னொரு தபா காட்டு."

பெரியவர் மறுபடி காட்டினார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை ஜோசப் சரி நைனா என்று சொன்னான். அவனுக்குத் தெரிந்திருக்காது என்று எனக்குப் பட்டது. பெரியவருக்கும் பட்டிருக்கும்.

அந்த மோடம் அகலப்பட்டை மோடம்தான். காலி செய்துகொண்டு போன வேறொரு வீட்டிலிருந்து காதர் பாய் எடுத்துவந்து, தெருக்காரர் என்பதற்காகச் சும்மா மாட்டிக் கொடுத்தது. உள்ளே பழைய மென்பொருள் இருந்ததால் ஒரு சேனலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதியதைப் போட்டால் இங்கிருந்து போகும் பாதையும் அகலமாகும், கை நிற்காமல் தெரியும். டாக்டர் இன்னும் சில வாரங்கள்தான் என்று சொல்லியிருந்தார். ஜோசப்பின் கப்பல் அடுத்ததாகக் கரை சேர்வது ஒரு வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அவனுக்கு நேரம் கிடைக்கும், அதற்கப்புறம் நெடுந்தூரக் கடல். வாசலில் செருப்பை மாட்டும்போது ஸ்டெல்லாவிடம் சொன்னேன், அடுத்த தடவை படம் நிற்காது, அது என் பொறுப்பு என்று. அவள் கை கூப்பினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பலருக்கு இப்போதே என் மீது நல்ல அபிப்பிராயம் வந்திருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சோம்பேறித்தனத்தால் நான் செய்த தப்புகள் எல்லாம் சின்னத் தப்புகள். ஒருவருக்கு நல்லது செய்யப்போகிறோம் என்ற நினைப்பில் செய்ததுதான் திருத்தவே முடியாததாகப் போனது.

அந்த வாரம் வேலை நெருக்கியது. திங்கட்கிழமை கட்டுப்பாட்டு அறையில் புது மென்பொருள் ஏற்றியிருந்தோம், வாரம் முடிவதற்குள் மோடங்களுக்கும் அனுப்ப வேண்டும். பகுதி பகுதியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தின் முறை வியாழக்கிழமை வந்தது. அந்த ஒரு வீட்டை வெள்ளிக்கு ஒதுக்கிவைத்திருக்கலாம், ஒரு டிக்கைக் கழற்றினால் போதும். ஆனால் வெள்ளிக்கிழமை போட்டு என்ன பிரயோஜனம், அழைப்பு வியாழன்தானே என்று நினைத்தேன். பதினொன்றரை மணிக்கு, அந்த வீட்டுக்குப் போயிருந்த காதர் பாய்க்குப் போன் செய்து, மோடத்தின் பெயரைப் படிக்கச் சொன்னேன். அவர் மேலே பெரிதாக அச்சடித்திருந்த பெயரைப் படித்தார். என் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. மேஜையில் வைத்து நானே மூன்று நாள் சோதித்த மோடம்.

"இன்னிக்கு வேணாம் சார்," என்றார் பாய். "நின்னு நின்னு வந்தாலும் ஓடினுகீது. பெர்சு காலைலயே சட்ட மாத்திகினு குந்திகினுகீறாரு. நாளிக்கு பண்ணு."

"அஞ்சு நிமிஷம் பாய். ரெண்டு மணிக்கு நீங்களே பாருங்க, படம் எப்படி வருதுன்னு."

போனை வைத்துவிட்டு நான் அனுப்பினேன்.

என் திரையில் ராயபுரத்து மோடங்கள் ஒவ்வொன்றாக அணைந்து ஒவ்வொன்றாக எழுந்தன. அந்த ஒன்று மட்டும் எழவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன். அப்புறம்தான் அது தன்னைப் பற்றிக் கடைசியாக அனுப்பியிருந்த விவரத்தைக் கீழே வரை இழுத்துப் பார்த்தேன். பெயர் அதே பெயர். பதிப்பு வேறு. முதலில் வந்த சரக்கு அது, அதில் நினைவகம் பாதிதான். புது மென்பொருள் அதற்குள் முழுசாக அடங்காது. பாதி எழுதப்பட்டு உயிர் போயிருந்தது. அந்தப் பதிப்பு எண் மோடத்தின் அடிப்பக்கத்துச் சீட்டிலும் இருக்கும். பாயிடம் திருப்பிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்தின தடவை அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த நானே திருப்பிப் பார்த்திருக்கலாம். ஜோசியர் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பொருத்தம் சொல்லிவிட்டார்.

அப்போது மணி பன்னிரண்டே கால். நேரம் இருந்தது. நான் செய்த இரண்டாவது தப்பு இங்கே வருகிறது. முதலாவதைவிட இதைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். காதர் பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் திட்டவில்லை, உடனே ஒரு வழி சொன்னார்.

"பள்ளிக்கூடத்துத் தெருல ஒரு வூட்ல நம்ம மோடம் கீது சார். கேட்டு வாங்கியாந்து இங்க மாட்டிடட்டா? ஒரு மணி நேரந்தான, குடுப்பாங்க."

நல்ல யோசனை. அதே லைனில் ஏற்கெனவே பதிவான மோடம், எங்கே மாட்டினாலும் ஓடும். பழைய ஒற்றை சேனல் மோடம்தான், படம் நின்று நின்று வந்திருக்கும். ஆனால் வந்திருக்கும். நான் வேண்டாம் என்றேன். நானே புது மோடம் எடுத்துக்கொண்டு வருகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றேன். படம் நிற்காது என்று வாக்குக் கொடுத்தவன் நான். ஸ்டெல்லா கை கூப்பியது என் மண்டையில் ஏறியிருந்தது. பழைய மோடத்தை மாட்டினால் தோற்றுப்போன மாதிரி இருந்தது எனக்கு. யாருடைய தோல்வி, யாருடைய அழைப்பு என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

அலமாரியிலிருந்து புது மோடத்தை எடுத்தேன், இந்தத் தடவை அடியில் பார்த்தேன், பதிவு செய்தேன், வண்டியை எடுத்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் துறைமுகத்து வாசலில் என்னவோ தகராறு, உள்ளே போக வேண்டிய கண்டெய்னர் லாரிகள் வழி நெடுக நின்றுவிட்டன. இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்தேன். அதற்கப்புறம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மோடப் பெட்டி மடியில் இருந்தது. ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. இரண்டே காலுக்கு பாய்க்குப் போன் செய்து, பள்ளிக்கூடத் தெரு மோடத்தை எடுத்து மாட்டச் சொன்னேன். அவர் ஓடினார். அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. ஒரு மணி வரை ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து. நடந்ததைப் பாய்தான் வாசலில் நின்று சொன்னார். இரண்டரைக்கு ஜோசப் ஸ்டெல்லாவின் கைப்பேசிக்கு அழைத்திருக்கிறான். படம் வராது என்று அவள் சொன்னதும், அப்பா காதில் வை என்றிருக்கிறான். அவன் பேசப் பேச பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் சொல்ல வழியில்லை. கடைசியில் விரலால் போனைத் தட்டியிருக்கிறார், டக் டக் என்று. அந்தப் பக்கம் அவன் தட்டு நைனா, கேக்குது நைனா என்றிருக்கிறான். கப்பலுக்குத் திரும்பும் படகு கிளம்புகிறது என்று மூன்று மணிக்கு வைத்துவிட்டான்.

உள்ளே போனேன். பெரியவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அதே நாற்காலியில் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். ஸ்டெல்லா சமையலறைப் பக்கம் போய்விட்டாள், அழுகிறாள் என்று தெரிந்தது. பாய் வாசலிலேயே நின்றார். மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. கம்ப்யூட்டரில் கேமரா படம் திறந்தது. மகனின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது, ஆள் இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் பெரியவருடைய படம் மட்டும்.

அவர் கையைத் தூக்கினார். ஓரக்கண்ணில் அது தெரிந்தது. யாரும் இல்லாத அந்தத் திரையைப் பார்த்து ஏதோ சொன்னார். விரல் சுழன்றது, அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான்காவது விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. நாலு சேனலும் சேர்ந்தால் அது நிலையாக எரியும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையாக எரிந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். அப்போது பெரியவர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்து வைத்திருந்தார். திரையில் அது துளிகூட நிற்காமல், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். ஜோசப் நடுக்கடலில் இருந்தான்.

அலுவலகத்தில் அந்த வாரத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். ராயபுரம் பகுதி, ஒரு மோடம் பழுது, அன்றே மாற்றித் தரப்பட்டது. அவ்வளவுதான் அந்தப் படிவத்தில் இடம் இருந்தது. மேலதிகாரி படித்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தக் கை பட்ட இடம் வீடு வரை உறுத்தியது. பட்டியலில் அதற்கப்புறம் பெயருக்குப் பக்கத்தில் பதிப்புக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். நீங்கள் இன்றும் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். எரிச்சலோடுதான் நிரப்புவீர்கள், தெரியும். காதர் பாய் பிறகு பல வருஷம் என்னோடு வேலை செய்தார். ஒரு தடவைகூட, அன்னிக்கே சொன்னேனே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒருவருக்கு ஒன்று உயிர்போகும் அவசரமாகத் தேவைப்படுகிற நாளில், அது தட்டுத்தடுமாறி ஓடினாலும், அதைத் தொடாதீர்கள். தொட்டுக் கெடுத்துவிட்டால், உங்கள் வழியைவிடக் குறைந்த வழி ஒன்றை யார் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்ளுங்கள். இதைக் கையேட்டில் போட்டுக்கொள்ளலாம். மீதியைப் போட முடியாது.

மூன்று மாதம் கழித்து ஜோசப் திருவொற்றியூர் அலுவலகத்துக்கு வந்தான். பாய்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். மோடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன், என் தப்பு என்றேன். தலையை மட்டும் ஆட்டினான்.

"அத்த வுடு சார். அன்னிக்கு நா போன வெச்சப்புறம் நைனா கேமராவப் பாத்து கை காட்டுனாருன்னு பாய் சொன்னாரு. வாசல்ல நின்னதால அவருக்கு முதுகுதான் தெரிஞ்சிதாம். பக்கத்துல நீதான் இருந்தியாமே."

ஆமாம் என்றேன்.

"இன்னா காட்டுனாரு?"

விரலைச் சுழற்றினார், அப்புறம் கையைக் கோத்தார் என்றேன். செய்தும் காட்டினேன். என் விரல் நேராக முன்னால் நீண்டு நின்றது, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல். அவன் அதையே பார்த்தான்.

"மேலயா கீழயா சார்?"

என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான். மேலே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்பா தேவலை என்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்று அவன் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு தடவை செய்தது போதும் என்றிருந்தது.

"தெரியலப்பா. நான் மோடத்து விளக்கைப் பார்த்துட்டு இருந்தேன்."

வெளியே ஒரு லாரியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் எழுந்தான், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்து எனக்குக் காட்டினான், படியிறங்கிப் போய்விட்டான்.